சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? இடத்தைக் காலி செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 உள்ள மடிக்கணினிகளையும் மேசைக் கணினிகளையும் மனதில் வைத்து எழுதியது இது. குறிப்பாக 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியோடு (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் எழுதும் வட்டு) வாங்கி, இரண்டு மூன்று வருடம் வீட்டில் எல்லோரும் பயன்படுத்திய கம்ப்யூட்டர்கள். மெனுப் பெயர்களை ஆங்கில விண்டோஸில் தெரிகிறபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

சி டிரைவில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. முதலில் எதை அழிக்க வேண்டும்?

எதையும் அழிக்காதீர்கள். முதலில் எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பதற்றத்தில் கண்ணில் பட்டதை அழிப்பவர்கள் வேண்டியதை இழந்து, அடைத்துக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் செயலிகள், தற்காலிக ஃபைல்கள், டாக்குமெண்ட்ஸ், படங்கள் என்று வகை வகையாக அளவு தெரியும். அது மேலோட்டமான கணக்கு. ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்க்க விஸ்ட்ரீ, வின்டர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று போதும். விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்ப்பதில்லை. வட்டில் உள்ள எல்லா ஃபைல்களின் பட்டியலும் ஏற்கெனவே ஒரு மைய அட்டவணையில் இருக்கிறது, அதை நேராகப் படித்துவிடுகிறது. அதனால் சில நொடிகளில் முடிந்துவிடும். வின்டர்ஸ்டாட் ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்கேற்ற வண்ணக் கட்டமாக வரைந்து காட்டும்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் கதை புரிந்துவிடும். உறவினர் வீட்டு மடிக்கணினி ஒன்றில் மூன்று பெரிய கட்டங்கள் ஒரே நிறத்தில், ஒரே அளவில் நின்றன. மூன்றும் ஒரே கல்யாண வீடியோ. ஒன்று டெஸ்க்டாப்பில், ஒன்று டவுன்லோட்ஸில், ஒன்று 'நியூ ஃபோல்டர் (2)' என்ற பெயரில். பென் டிரைவிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு தடவை எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டை அழித்தவுடன் பிரச்சினை தீர்ந்தது. அவர்களோ அதுவரை ஆளுக்கொரு வேர்டு ஃபைலாகப் பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேர்டு ஃபைல் சில நூறு கேபி. அப்படி ஆயிரம் அழித்தாலும் ஒரு ஜிபியைத் தாண்டுவது கஷ்டம்.

256 ஜிபி என்று சொல்லித்தான் விற்றார்கள். கம்ப்யூட்டரில் 238 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. வட்டு தயாரிப்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறது. ஆகவே 256 ஜிபி வட்டு 238 ஆகவும், 512 ஜிபி வட்டு சுமார் 476 ஆகவும், ஒரு டிபி வட்டு 931 ஆகவும் தெரியும். இதுபோக, மீட்புக்கென்று தனிப் பகுதி ஒன்றும் வட்டில் இருக்கும்.

விண்டோஸே அழித்துத் தரும் வசதி இருக்கிறதாமே, அதை நம்பலாமா?

நம்பலாம், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. ஸ்டோரேஜ் பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் திறந்தால் பட்டியல் வரும். பழைய அப்டேட்களின் மிச்சம், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்கள் (மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிர வைத்திருக்கும் அப்டேட் நகல்கள்), சிறுபடங்கள் (தம்ப்நெயில்ஸ்) ஆகியவற்றை யோசிக்காமல் அழிக்கலாம். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரியும் இருக்கும். அதில் மட்டும் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தற்காலிகக் குப்பை என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. பலருக்கு அதுதான் பீரோ.

விண்டோஸை ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏற்றிய பிறகு 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்ற வரி தெரிந்தால் அதுதான் பெரிய மீன். பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் கிடக்கும். பல ஜிபி இருக்கும். புதியது பிடிக்காவிட்டால் பின்வாங்குவதற்காக 10 நாள் வைத்திருந்து, பிறகு விண்டோஸே அழித்துவிடும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே அழிக்கலாம். ஆனால் அதன் பிறகு பின்வாங்க முடியாது.

'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்பதை இயக்கிவைத்தால் ரீசைக்கிள் பின்னில் 30 நாளைத் தாண்டியவற்றைத் தானாக அகற்றும். டவுன்லோட்ஸுக்கான அமைப்பை 'நெவர்' என்றே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை என்னதான் செய்வது?

கையால் பார்க்க வேண்டும். 'டீடெயில்ஸ்' காட்சிக்கு மாற்றி, 'சைஸ்' தலைப்பைச் சொடுக்கி, பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். மேலே நிற்பவை பெரும்பாலும் ஏற்கெனவே நிறுவி முடித்த மென்பொருள்களின் இன்ஸ்டாலர்களாகவும், பிரித்து எடுத்த பிறகும் கிடக்கிற ஜிப் ஃபைல்களாகவும், பார்த்து முடித்த வீடியோக்களாகவும் இருக்கும். இவை போகலாம். பிறகு பெயர்வாரியாக அடுக்கினால் 'இ-ஆதார்', 'இ-ஆதார் (1)', 'இ-ஆதார் (2)' என்று ஒரு வம்சமே வரிசையில் நிற்கும். இவற்றால் இடம் பெரிதாக மிச்சமாகாது, ஆனாலும் ஒன்றை மட்டும் டாக்குமெண்ட்ஸுக்குள் நல்ல பெயரில் நகர்த்திவிட்டு மற்றவற்றைக் கழிப்பது நல்லது. அடையாள ஆவணங்கள் ஏழு நகல்களாகக் கிடப்பதில் இடத்தைவிடப் பாதுகாப்புதான் கவலை.

ஹைபர்ஃபில்.சிஸ், பேஜ்ஃபைல்.சிஸ் என்று இரண்டு பெரிய ஃபைல்கள் தெரிகின்றன. அழிக்கலாமா?

நேரடியாக அழிக்கவே விடாது. இரண்டுக்கும் வேலை வேறு.

ஹைபர்ஃபில், கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பதை அப்படியே வைத்து முழுவதுமாக அணைக்கும்போது, ராமில் இருப்பதை எழுதிவைக்கும் இடம். வழக்கமாக ராமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். 16 ஜிபி ராம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். ஹைபர்னேட்டைப் பயன்படுத்தாதவர்கள் இதை நிறுத்தலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து ஒரு கட்டளை தட்ட வேண்டும். தொலைபேசியில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்: பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி. ஓர் இடைவெளி. வலப்பக்கம் சாய்ந்த கோடு, ஒட்டினாற்போல எச். மறுபடி இடைவெளி. ஓ, எஃப், எஃப். என்டர் தட்டியவுடன் ஃபைல் மறைந்துவிடும். கூடவே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் போய்விடும், ஏனென்றால் அதுவும் இந்த ஃபைலைத்தான் நம்பியிருக்கிறது. எஸ்எஸ்டி உள்ள கம்ப்யூட்டரில் அந்த வித்தியாசம் சில நொடிகள்தான். பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகும் மடிக்கணினி என்றால் மட்டும் நிறுத்தாதீர்கள். அங்கே ஹைபர்னேட் உண்மையிலேயே வேலையைக் காப்பாற்றுகிறது.

பேஜ்ஃபைல், ராம் போதாதபோது விண்டோஸ் கைமாற்றாக வாங்கிக்கொள்ளும் இடம். அதை விட்டுவிடுங்கள். 4 அல்லது 8 ஜிபி ராமோடு அதை நிறுத்தினால், பிரவுசரில் பத்து டேப் திறந்தவுடன் செயலிகள் விழத் தொடங்கும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பல ஜிபி காட்டுகிறதே?

காட்டுகிற அளவு நிஜம் இல்லை. அதில் உள்ள பல ஃபைல்கள் விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் உள்ள அதே ஃபைல்கள்தாம். வட்டில் ஒரே இடத்தில் இருப்பதற்கு இரண்டு பெயர்கள். எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிவிடுகிறது. உள்ளே நுழைந்து கையால் அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். பழைய அப்டேட்களை அகற்ற வேண்டுமென்றால் 'டிஸ்க் கிளீனப்' திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதில் டிக் செய்யுங்கள். நேரம் எடுக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

பக்கத்திலேயே உள்ள 'இன்ஸ்டாலர்' ஃபோல்டருக்கும் இதே விதி. அதிலுள்ளவை போய்விட்டால் பின்னால் மென்பொருள்களைப் புதுப்பிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது.

நிறைய அழித்துவிட்டேன். காலி இடம் கூடவே இல்லை. ஏன்?

முதல் சந்தேகம் ரீசைக்கிள் பின். அழித்தவை அங்கே போய் உட்கார்ந்திருக்கும்வரை இடமும் அவற்றிடம்தான் இருக்கும். காலி செய்யுமுன் ஒரு முறை உள்ளே பாருங்கள். எஸ்எஸ்டியில் காலி செய்துவிட்டால், மீட்பு மென்பொருளை நம்பிக்கொண்டிருக்க முடியாது. 'ட்ரிம்' என்ற ஏற்பாட்டின் மூலம் எந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. எஸ்எஸ்டி தன் வசதிப்படி அவற்றைத் துடைத்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் அழித்த படங்களை யாரோ மீட்டுத் தந்த கதை இங்கே பெரும்பாலும் நடக்காது.

இரண்டாவது, ரீஸ்டோர் பாயிண்ட்கள். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுகள் இவை. தேடுபெட்டியில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தட்டி, சி டிரைவைத் தேர்ந்து, 'கான்ஃபிகர்' அழுத்தினால் இவை எவ்வளவு இடம் எடுத்திருக்கின்றன என்று தெரியும். அதிகபட்ச அளவைக் குறைக்கலாம். முற்றிலும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு தவறான டிரைவர் (பிரிண்டர் போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஏறிய நாளில் அதன் அருமை தெரியும்.

ஒன்டிரைவில் எல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் உள்ளதை அழித்துவிடலாம் அல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலை நீங்கள் அழித்தால் அது மேகத்திலும் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிலும்) அழியும், உங்கள் மற்ற கம்ப்யூட்டர்களிலும் அழியும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ஃபைல்மீதோ ஃபோல்டர்மீதோ வலது சொடுக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஃபைல் பெயர் அப்படியே தெரியும், அருகே மேக அடையாளம் வரும், உள்ளடக்கம் மட்டும் வட்டைவிட்டு நீங்கும். திறந்தால் இணையத்திலிருந்து இறங்கும். இணையம் இல்லாத இடத்தில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவறி அழித்துவிட்டால் ஒன்டிரைவ் இணையதளத்தில் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் இருக்கிறது. தனிநபர் கணக்கு என்றால் 30 நாள் வரை அங்கிருந்து மீட்கலாம்.

இலவச ஒன்டிரைவ் 5 ஜிபிதான். கூகுள் 15 ஜிபி தருகிறது, அதை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. 256 ஜிபி வட்டின் நெரிசலை இலவச மேகத்தால் தீர்க்க முடியாது.

வாட்ஸ்அப், டெலிகிராம்?

டெலிகிராமின் கம்ப்யூட்டர் செயலி நீங்கள் பார்த்த படங்களையும் வீடியோக்களையும் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு', 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் அதைக் காலி செய்து உச்ச வரம்பும் வைக்கலாம். அரட்டைகள் அழியாது; மறுபடி வேண்டும்போது இறக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் பெரும்பாலும் போனைத்தான் நிரப்புகின்றன. போனை மொத்தமாகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் அவை அத்தனையும் இங்கேயும் வந்துவிடும்.

டி டிரைவ் கிட்டத்தட்டக் காலியாக இருக்கிறது. சி மட்டும் நிரம்பியிருக்கிறது. என்ன வழி?

ஒரே வட்டை இரண்டாகப் பிரித்து விற்கும் வழக்கத்தால் வந்த தொல்லை இது. சுலபமான வழி, உங்கள் சொந்த ஃபோல்டர்களை டி-க்கு மாற்றுவது. டி-யில் முதலில் 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'வீடியோஸ்' என்று தனித்தனி ஃபோல்டர்களை உருவாக்குங்கள். பிறகு சி-யில் உள்ள டாக்குமெண்ட்ஸ்மீது வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்' என்று போய் அந்தப் புதிய ஃபோல்டரைக் காட்டுங்கள். டி டிரைவையே மொட்டையாகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் டி முழுவதும் 'டாக்குமெண்ட்ஸ்' ஆகிவிடும். அதை மறுபடி பிரிப்பது பெரும்பாடு.

'இருக்கும் ஃபைல்களையும் நகர்த்தவா' என்று கேட்கும், 'யெஸ்' சொல்லுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு நினைவிருக்கலாம். இப்படி ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டுவைத்திருந்த சிலருடைய கம்ப்யூட்டர்களில், அந்தப் பழைய இடத்தைக் காலி என்று நினைத்து ஃபைல்களோடு அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்த வெளியீட்டையே நிறுத்திவைக்க வேண்டிவந்தது. பிழை அப்போதே திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு இடங்களில் ஃபைல்கள் கிடப்பது இன்றும் குழப்பம்தான்.

'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை இப்படி இழுத்துப் போட்டு மாற்ற முடியாது. ஸ்டீம் விளையாட்டுகளை அந்தச் செயலிக்குள்ளிருந்தே நகர்த்தலாம். மற்ற மென்பொருள்களை நீக்கிவிட்டு டி-யில் புதிதாக நிறுவ வேண்டும்.

டி-யைச் சுருக்கிச் சி-யைப் பெரிதாக்க நினைப்பவர்களுக்கு: விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்', சி-க்கு ஒட்டி வலப்பக்கம் ஒதுக்கப்படாத இடம் இருந்தால் மட்டுமே நீட்டும். டி-யைச் சுருக்கினால் இடம் டி-யின் கடைசியில் கிடைக்கும், சி-யை ஒட்டி அல்ல. நடுவில் மீட்புப் பகுதி நின்றாலும் இதே கதை. நடுவில் மீட்புப் பகுதி இல்லையென்றால், டி-யில் உள்ளதை வெளியே எடுத்துவைத்துவிட்டு டி-யையே நீக்கினால் வழி பிறக்கும். காப்பி எடுக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரே சொடுக்கில் சுத்தம் செய்யும் 'கிளீனர்' மென்பொருள் போடலாமா?

தேவையில்லை. அவை செய்யும் உருப்படியான வேலையை விண்டோஸே செய்கிறது. ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் பட்டியலை, சுத்தம் செய்வதால் வட்டில் குறிப்பிடத்தக்க இடம் கிடைக்காது. ஏதாவது உடைய மட்டும் வாய்ப்பு உண்டு. நல்ல பெயர் எடுத்த மென்பொருளுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. 2017-இல் சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கியவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 'உங்கள் கம்ப்யூட்டரில் 4,312 பிழைகள்' என்று சிவப்பில் மின்னும் விளம்பரங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டிஃப்ராக் செய்தால் இடம் கூடுமா?

கூடாது. இருப்பதை ஒழுங்காக அடுக்கும், அவ்வளவே. எஸ்எஸ்டிக்கு அதுவும் வேண்டாம்.

எவ்வளவு இடம் காலியாக இருந்தால் நிம்மதி?

பத்திலிருந்து இருபது சதவீதம். 256 ஜிபி வட்டில் 30 ஜிபி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் எழுதியதன்மேல் நேராக மறுபடி எழுத முடியாது. ஒரு முழுத் தொகுதியையும் துடைத்த பிறகே எழுத முடியும். துடைக்குமுன் அதிலுள்ள உயிருள்ள தகவலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். சமையல் மேடை முழுக்கப் பாத்திரம் இருந்தால் ஒன்றைக் கழுவ மூன்றை நகர்த்த வேண்டியிருக்குமே, அந்த நிலைதான். இடம் குறையக் குறைய எழுதும் வேகமும் குறையும், வட்டின் ஆயுளும் குறையும். விண்டோஸ் தன் பங்குக்கு அப்டேட்களுக்காகச் சுமார் 7 ஜிபியைத் தனியே ஒதுக்கிவைத்துக்கொள்ளும். 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு.

பெரிய வீடியோவைப் பென் டிரைவுக்கு நகர்த்தினால் 'ஃபைல் மிகப் பெரியது' என்கிறது. பென் டிரைவில் 50 ஜிபி காலி!

பென் டிரைவ் 'ஃபாட்32' முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை எடுத்துவைத்துவிட்டு 'எக்ஸ்ஃபாட்' முறையில் ஃபார்மேட் செய்தால் தீரும்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு '16 டிபி எஸ்எஸ்டி' என்று விற்பவை போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்று இருக்கும். பெரிய அளவைக் காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். காப்பி ஆவதுபோலவே தெரியும். கொள்ளளவு முடிந்ததும் பழையதன்மேல் எழுதத் தொடங்கும். வாங்கிய எதையும் முதலில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' போன்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

படங்களை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். இனி பயமில்லைதானே?

இடத்துக்குப் பயமில்லை. படங்களுக்கு உண்டு. இருந்த ஒரே பிரதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த டிஸ்க் மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால் போதும். சி-யிலிருந்து அழிக்குமுன் இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி இருக்க வேண்டும், இரண்டிலும் நாலைந்து படங்களையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். நகர்த்தும்போது 'கட்' செய்யாதீர்கள். 'காப்பி' செய்து, சரிபார்த்து, பிறகு அழியுங்கள்.

சுத்தம் செய்த ஒரு வாரத்தில் மறுபடி நிரம்பிவிடுகிறது.

அப்படியானால் ஏதோ ஒன்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் சிலர். வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு அடோபி பிரீமியரின் மீடியா கேஷ் (வேகத்துக்காக அது எழுதிவைக்கும் தற்காலிக ஃபைல்கள்). பிராஜெக்ட் முடிந்த பிறகும் தங்கிவிடும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஐடியூன்ஸ் எடுத்த பேக்அப், ஒவ்வொரு போனுக்கும் பல ஜிபி, அதுவும் சி-யில்தான். மென்பொருள் எழுதுபவர்களுக்கு டபிள்யூஎஸ்எல், டாக்கர் போன்றவற்றின் மெய்நிகர் வட்டு. உள்ளே அழித்தாலும் வெளியே அந்த ஃபைல் தானாகச் சுருங்காது. விஸ்ட்ரீயை இன்று ஓட்டிப் பெரிய ஃபோல்டர்களின் அளவைக் குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். எது வளர்ந்திருக்கிறதோ அதுதான்.

எல்லாம் செய்தும் போதவில்லை. புது எஸ்எஸ்டி போடலாமா?

128 ஜிபியோடு மல்லுக்கட்டுவதைவிட அதுதான் மலிவு. வாங்குமுன் உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகையை ஏற்கும் என்று பாருங்கள்: 2.5 அங்குல சாட்டா, எம்.2 சாட்டா, எம்.2 என்விஎம்இ. கடைசி இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; மாற்றி வாங்கினால் பொருந்தினாலும் வேலை செய்யாமல் போகலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் வட்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற வழியில்லை.

பழைய வட்டை அப்படியே 'குளோன்' செய்தால் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. குளோனுக்கு முன் பிட்லாக்கரின் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புக் குறியீட்டை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வட்டு மாறியதும் அது கேட்கப்படலாம். குளோன் முடிந்ததும் புது வட்டின் கூடுதல் இடம் கடைசியில் ஒதுக்கப்படாமல் கிடக்கும், சி-யோ பழைய அளவிலேயே இருக்கும். பெரும்பாலான குளோன் மென்பொருள்கள் முன்கூட்டியே சி-யை நீட்டிக் காப்பி எடுக்கும் வசதியைத் தருகின்றன. தொடங்குமுன் அதைத் தேர்ந்துவிடுங்கள். பழைய வட்டை ஒரு மாதமாவது ஃபார்மேட் செய்யாமல் அலமாரியில் வைத்திருங்கள்.